கம்ப்யூட்டர் கம்பெனியைத் தாண்டி: மதுரைப் பக்கம் பொறியாளர்களுக்கு என்ன வேலை இருக்கிறது?

என் மேஜையில் ஒரு கருப்பு ரப்பர் வளையம் எப்போதும் கிடக்கும். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. உள்விளிம்பில் மெல்லிய உதடு, அந்த உதட்டைச் சுற்றி நூல்போல ஒரு ஸ்பிரிங், ரப்பருக்குள் மறைந்து ஓர் இரும்பு வளையம். ஆயில் சீல், சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுப்பது. வேலை கேட்டு வருகிறவர்கள் கையில் அதைக் கொடுத்து, இது எங்கே இருக்கும், என்ன செய்யும் என்று கேட்பது என் வழக்கம். போன ஆனி மாதம் ஒரே நாளில் மூன்று மெக்கானிக்கல் பட்டதாரிகள் வந்தார்கள். மூவரும் நல்ல பிள்ளைகள், எழுபது சதவீதத்துக்குமேல் மதிப்பெண் வாங்கியவர்கள். மூவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அவர்கள் ஓட்டிவந்த பைக்குகளில் அதைப்போல நாலைந்து இருந்தன.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு வருஷத்தில் ஒருவர்கூட அவர்களை ஒரு தொழிற்சாலைக்குள் அரை நாள் நிற்க வைக்கவில்லை. ஆனால் மூவருமே கடைசி வருஷத்தில் பணம் கட்டி ஜாவாவும் பைதானும் படித்திருந்தார்கள். நான் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகத் தொழிலில் இருபது வருஷமாக இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் வந்த கையோடு தெருவிலும் கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்: "கம்ப்யூட்டர் கம்பெனி கெடைக்கலேன்னா எம் பையனுக்கு வேற என்னப்பா வழி?" அவர்களுக்கு நின்றுகொண்டே இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் கல்லூரியில் இந்த வேலைகள் கண்ணில் படுவதில்லை? ஐடி கம்பெனிகள் ஆள் எடுக்கும் முறையே வேறு. சிவிலோ, மின் பொறியியலான ஈ.இ.இ.யோ, எந்தப் பாடம் படித்தாலும் அவர்களே மூன்று, ஆறு மாதம் பயிற்சி கொடுத்து மாற்றிக்கொள்வார்கள். அதனால் ஒரே கல்லூரியில் ஒரே நாளில் நூறு பேரை எடுக்க முடிகிறது. எங்கள் மாதிரி யூனிட்டுக்கு வருஷத்துக்கு இரண்டு பேர் போதும். இரண்டு பேருக்காக யாரும் ஒரு குழுவை அனுப்பி, கல்லூரியில் நாள் முழுக்கத் தேர்வு நடத்த மாட்டார்கள். தெரிந்தவர் மூலமாக, ஏற்கெனவே வேலை செய்யும் பையனின் நண்பன் மூலமாக, கேட்டில் பயோடேட்டா கொடுத்துவிட்டுப் போனவர்கள் மூலமாக அந்த இடம் நிரம்பிவிடும். ஐடி வேலை கல்லூரி வாசலுக்கு வருகிறது. மற்ற வேலைகளின் வாசலுக்கு நாம்தான் போக வேண்டியிருக்கிறது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் இது தெரியாமல் எத்தனையோ பேர் தங்கள் பிரிவுக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த ஐடி வாசலும் எப்போதும் ஒரே அகலத்தில் திறந்திருப்பதில்லை. 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ், இன்போசிஸ், விப்ரோ மூன்றிலுமே மொத்த ஊழியர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. மாட்டுத்தாவணி ஆம்னி பஸ் நிலையத்தில் ஞாயிறு இரவு பெங்களூருக்கும் சென்னைக்கும் ஏறுகிற கூட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களோடு, வேலை தேடிப் போய் மேன்ஷனில் தங்கியிருக்கிறவர்களும் கலந்தேதான் இருக்கிறார்கள்.

சரி, இங்கே என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த ரப்பரிலிருந்தே தொடங்குகிறேன்.

மதுரைக்கு வெளியே இருப்பவர்களுக்கு மதுரை என்றால் கோயில், மல்லி, ஜிகர்தண்டா. டிவிஎஸ் இங்கே 1911இல் பிறந்த நிறுவனம் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பஸ், லாரி, உதிரிபாகம் என்று அந்தக் குழுமம் வளர்ந்தபோது அதைச் சுற்றி ரப்பர் தொழிலும் வளர்ந்தது. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வாகன டயர் தயாராகிறது. கோச்சடையில் ஃபென்னர் பெல்ட். கப்பலூரிலும் கே.புதூரிலும் சிட்கோ பேட்டைகளில் சீல், புஷ், கேஸ்கட், ஹோஸ் என்று செய்கிற சின்னதும் பெரியதுமான யூனிட்டுகள். மூலப்பொருள்களில் ஒன்றான இயற்கை ரப்பர் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் விளைகிறது. ஒரு ராத்திரி லாரிப் பயணம்.

ஒரு சீல் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ரப்பர் கட்டியாக வரும். அதோடு கார்பன் கருப்பு, கந்தகம், எண்ணெய், இன்னும் ஏழெட்டுப் பொடிகள் சேர்த்து மிக்ஸரில் பிசைந்து, இரட்டை உருளை மில்லில் தகடாக்கி, அச்சில் வைத்து 160, 170 டிகிரி சூட்டில் பிரஸ்ஸில் அழுத்துவோம். எங்கள் ஆட்கள் இதை வேக்காடு என்றே சொல்வார்கள். வேக்காடு குறைந்தால் உதடு குழைந்து எண்ணெய் கசியும். கூடினால் விறைத்து வெடிக்கும்.

என் முதல் வருஷத்தில், அப்போது வேறொரு கம்பெனி, நாலாயிரம் உருப்படிகள், எங்கள் பேச்சில் காய்கள், கொண்ட ஒரு பேட்ச் வாடிக்கையாளரிடமிருந்து அப்படியே திரும்பி வந்தது. கன்ட்ரோலரில் சூடு சரியாகவே காட்டியது. மூன்று நாள் முன்பே வயதான பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் என்னிடம், "தம்பி, வலது மூலைக் காய் மட்டும் லேசா ஒட்டுது, பாத்துக்கங்க" என்று சொல்லியிருந்தார். மீட்டர் சரியாகத்தானே இருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். பிறகு சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றைத் தனியாக வைத்துப் பார்த்தபோது, தகட்டின் நடுவில் இருந்த சென்சார் சரியான சூட்டைக் காட்டியது, வலது மூலை ஹீட்டர் மட்டும் செத்துப்போயிருந்தது. அந்த மூலையில் எட்டு டிகிரி குறைவு. அந்த ஒரு தவறில் அச்சும் இருக்கிறது, ரசாயனமும் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கல், கெமிக்கல், ஈ.இ.இ. என்று எந்தப் பட்டம் இருந்தாலும் போதும், மூலைக்குப் போய்ப் பார்க்கிற பழக்கம் வேண்டும். ஆபரேட்டர் சொல்வதைக் காதில் வாங்கும் பழக்கமும்.

ரப்பர் முடிந்துவிட்டது. அடுத்து கண்.

அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கினார். கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து, ஏழைகளுக்கு எட்டாத விலையில் வந்துகொண்டிருந்தது. 1992இல் அதை இங்கேயே செய்ய அரோலேப் தொடங்கப்பட்டது. இன்று இங்கே கடையும் லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. லென்ஸின் பார்வைப் பகுதி ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர்தான், ஒரு துவரம்பருப்பு அகலம். அதன் வளைவை மைக்ரான் கணக்கில் கடைய வேண்டும், மெருகேற்ற வேண்டும், தூசி புகாத அறையில் கிருமி நீக்கி அடைக்க வேண்டும். இதற்கு வேண்டிய ஆட்கள் யார்? கடைசல் இயந்திரம் தெரிந்த மெக்கானிக்கல்காரர், பாலிமர் தெரிந்தவர், சுத்த அறையின் காற்றோட்டத்தைப் பராமரிப்பவர், ஒவ்வொரு பேட்சுக்கும் ஆவணம் எழுதும் தரக்கட்டுப்பாட்டு ஆள். மருத்துவம் படிக்க முடியவில்லையே என்று வருந்துகிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்வேன், ஒரு பாட்டிக்குப் பார்வை திரும்பும்போது அந்தக் கண்ணுக்குள் இருப்பது ஒரு பொறியாளர் செய்த பொருள்.

மருத்துவமனைகளுக்குள்ளேயும் வேலை உண்டு. ராஜாஜி மருத்துவமனையிலிருந்து சுற்றுச்சாலைத் தனியார் மருத்துவமனைகள்வரை வென்டிலேட்டர், டயாலிசிஸ் இயந்திரம், ஸ்கேன் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பயோமெடிக்கல் படித்தவர்களைத்தான் முதலில் எடுப்பார்கள், ஆனால் மின்னணுப் படிப்பான ஈ.சி.இ., கருவியியல் படிப்பான ஈ.ஐ.இ. முடித்தவர்களும் சர்வீஸ் இன்ஜினியராக நுழைகிறார்கள். அலைச்சல் அதிகம். இரவு இரண்டு மணிக்குக்கூடப் போன் வரும். ஆனால் இரண்டு வருஷத்தில் நாலைந்து வகை இயந்திரம் கைக்கு வந்துவிட்டால், பிறகு அந்த ஆளைத் தேடித்தான் வருவார்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் வந்தது. தேனிப் பக்கம் கணவாய்க் காற்றில் காற்றாலைகள். திருநெல்வேலி கங்கைகொண்டானில் சோலார் செல்லும் பேனலும் தயாரிக்கும் டாடாவின் ஆலை. இன்னும் தெற்கே கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, மேலும் நாலு கட்டுமானத்தில். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் என்ஜின் சோதனை வளாகம். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலை திறந்திருக்கிறார்கள். எல்லாமே மதுரையிலிருந்து நாலைந்து மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம்.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய சூரிய மின்நிலையத்தைக் கட்டும்போதுதான் ஆள் அதிகம் தேவை, கட்டி முடித்ததும் அதை ஓட்டச் சொற்பப் பேர் போதும். ஆகவே செய்தித்தாளில் வரும் கோடிக்கணக்கான முதலீட்டைப் பார்த்து அத்தனைக்கும் வேலை வரும் என்று கணக்குப் போடக் கூடாது. என் பார்வையில், மின்சாரத்தில் நம் பிள்ளைகளுக்கு நெருக்கமான வாய்ப்பு வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலில் ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு யூனிட் கொடுக்கும். வீட்டைப் பார்த்து நிழல் விழும் நேரம் குறித்து, காற்றுக்குத் தாங்குகிற மாதிரி ஸ்டாண்டு போட்டு, எர்த் சரியாகக் கொடுத்து, மின்வாரியத்தில், கொடுத்த மின்சாரத்தையும் எடுத்ததையும் கணக்கிடும் நெட் மீட்டர் வாங்கித்தரும்வரை செய்கிற ஆட்கள் தாலுகாவுக்குத் தாலுகா தேவைப்படுகிறார்கள். ஈ.இ.இ. முடித்தவர் சில வருஷ அனுபவத்தோடு மின் ஒப்பந்ததாரர் உரிமமும் வாங்கிவிட்டால் கட்டடம், ஆலை, மருத்துவமனை என்று எங்கேயும் வேலை எடுக்கலாம். இந்த உரிமத்தைப் பற்றிக் கல்லூரியில் கேள்விப்பட்டேன் என்று சொன்ன ஒரு மாணவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

சிவில் படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நத்தம் சாலையில் தல்லாகுளம் தொடங்கி ஏழு கிலோமீட்டருக்குமேல் நீளும் பாலம் 2023இல் திறந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. அதைவிட என் மனதுக்கு நெருக்கமானது பாம்பன். 1914இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் வரும்போது 72.5 மீட்டர் நீள இரும்புப் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறும். மதுரை ரயில்வே கோட்டத்துக்குள் வருகிற பாலம் அது.

பாம்பனைச் சொன்னதற்குக் காரணம் துரு. அந்தக் கடற்காற்று இரும்பைத் தின்கிற வேகம் உலகத்திலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. துருவை ஆராய்வதற்கென்றே நம் பக்கத்தில் ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948இல் அடிக்கல் நட்டார்கள், 1953இல் திறந்தார்கள். மண்டபத்தில் கடற்கரை ஓரமாகவே அவர்களுக்கு ஓர் ஆய்வுக்கூடம் உண்டு, உலோகத் துண்டுகளை வருஷக்கணக்கில் உப்புக்காற்றில் வைத்துப் பார்ப்பார்கள். பேட்டரி ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. அங்கேயே பி.டெக். படிப்பும் உண்டு. பாலம், குழாய், கப்பல், எண்ணெய்த் தொட்டி என்று இரும்பு இருக்கிற இடமெல்லாம் பூச்சும் பாதுகாப்பும் தெரிந்த பொறியாளர் வேண்டும். மெக்கானிக்கலோ கெமிக்கலோ முடித்துவிட்டு என்ன செய்வது என்று திணறுகிறவர்கள் காரைக்குடிவரை ஒரு நாள் பஸ் ஏறிப் போய்வரலாம்.

கெமிக்கல் என்றதும் இன்னொன்று. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகையிலிருந்து வாசனைச் சத்து எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. பறித்த மொட்டு மாலையில் விரியத் தொடங்கும்போது ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்து, வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கிப் பிரித்தால் மெழுகுபோல ஒரு பொருள் மிஞ்சும். அதை மறுபடி ஆல்கஹாலில் கரைத்துச் சுத்தப்படுத்துவார்கள். வெளிநாட்டு அத்தர் பாட்டிலுக்குள் நம் ஊர்ப் பூ போகிற வழி இதுதான். பாடப் புத்தகத்தில் பிரித்தெடுத்தல் என்று ஒரு அத்தியாயமாகப் படித்தது இங்கே மணத்தோடு நடக்கிறது.

சிவகாசியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கும். ஒவ்வொரு வருஷமும் அங்கிருந்து வரும் வெடிவிபத்துச் செய்திகளில் சாகிறவர்கள் தினக்கூலிகள். உராய்வு, நிலைமின்சாரம், கலவையின் ஈரம், ஒரு அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பவை எல்லாமே பொறியியல் கேள்விகள். தொழிற்சாலைப் பாதுகாப்புக்கென்று ஒரு வருஷப் பட்டயப் படிப்பு இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஆயிரமோ அதற்கு மேலோ தொழிலாளிகள் இருக்கும் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்றிருந்ததால், படித்தவர்களுக்குப் பெரிய ஆலைகளில் இடம் கிடைத்துவந்தது. இந்தப் படிப்பு முடித்த நம் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் நிறையப் போகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் விருதுநகர் மாவட்டத்திலேயே நின்று வேலை செய்தால் எத்தனை குடும்பம் பிழைக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அரசு வேலை. இதை விட்டுவிட்டு எழுதினால் எந்த அப்பாவும் ஒப்புக்கொள்ள மாட்டார். பொறியியல் பட்டதாரிகள் எழுதும் தேசிய அளவிலான கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். அதை வைத்துப் பல பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன, எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என நாலு பிரிவுக்கு யுபிஎஸ்சியின் பொறியியல் பணித் தேர்வு. ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர். மாநிலத்தில் டிஎன்பிஎஸ்சியின் தொழில்நுட்பப் பணிகளுக்கான தேர்வு, அதில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். நல்ல வழிகள்தான். ஆனால் ஒரு தேர்வுக்காக நாலு, ஐந்து வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டு, முப்பது வயதில் எந்த அனுபவமும் இல்லாமல் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. இரண்டு வருஷம் என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வேலையில் இருந்துகொண்டே படியுங்கள்.

சொந்தத் தொழிலுக்கு மாநில அரசின் நீட்ஸ் திட்டம் உண்டு. பட்டம், டிப்ளமா, ஐடிஐ முடித்தவர்களுக்கு 10 லட்சம் முதல் 5 கோடிவரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், வட்டியில் 3 சதவீதக் குறைப்பு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். நேராகக் கல்லூரியிலிருந்து இதற்குள் குதிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மூன்று வருஷம் யாராவது ஒருவருடைய கடனிலும் இயந்திரத்திலும் வேலை கற்றுக்கொண்டு வந்தால் விழுகிற அடி குறையும்.

இப்போது சம்பளம். மறைத்துப் பயனில்லை. சின்ன யூனிட்டில் பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் என்றுதான் தொடங்கும். பெங்களூரில் இருக்கும் கல்லூரித் தோழன் அதைப்போல இரண்டு மடங்கு வாங்குவான். இந்த முதல் மூன்று வருஷம்தான் மிகக் கடினமானது, வீட்டில் பெரியவர்கள் முகம் பார்க்க முடியாது, பெண் கொடுக்க யோசிப்பார்கள். முதலாளிமார்களிடமும் எனக்கு வருத்தம் இருக்கிறது. நல்ல பையன் கிடைப்பதில்லை என்று புலம்புகிறோம், வந்தவனை ட்ரெய்னி என்ற பெயரில் மூன்று வருஷம் ஒரே சம்பளத்தில் வைத்திருக்கிறோம். இது மாறாமல் கல்லூரிப் பிள்ளைகளை மட்டும் திருந்தச் சொல்வதில் நியாயம் இல்லை. ஆனால் ஒரு செய்முறையை உள்ளங்கைபோலத் தெரிந்துகொண்டவன் நாலாவது, ஐந்தாவது வருஷத்தில் ஹோசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ மாறும்போது சம்பளம் ஒரேயடியாக ஏறுவதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு ஷிப்ட் ஒத்துவருமா என்று கேட்கிறார்கள். எங்கள் சோதனைக்கூடத்தை நடத்துவதே ஒரு பெண்தான். ரப்பர் கலவையில் அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பேட்சும் பிரஸ்ஸுக்குப் போகாது.

எப்படி உள்ளே நுழைவது? அப்ரண்டிஸ் பயிற்சிதான் நல்ல கதவு. பட்டதாரிகளுக்கு ஒரு வருஷம், உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு தருகிறது, சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலப் பயிற்சி வாரியம் இதைப் பார்க்கிறது. அப்புறம், நேராகப் போய்க் கேட்பது. கப்பலூரிலோ புதூரிலோ காலை பத்து மணிக்கு மேல், ஷிப்ட் மாறுகிற பரபரப்பு ஓய்ந்தபின் போங்கள். செக்யூரிட்டியிடம் பயோடேட்டாவை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள், புரொடக்ஷன் மேனேஜரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு வரைபடத்தைப் பார்த்துப் பொருளை மனதில் கொண்டுவரத் தெரிய வேண்டும். நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலைப் பிடிக்கத் தெரிய வேண்டும். எக்ஸெல்லில் ஒரு வாரத் தரவைப் போட்டு ரிஜெக்ஷன் எங்கே கூடுகிறது என்று காட்ட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஆங்கிலம் தடுமாறினாலும் நான் எடுத்துக்கொள்வேன். பைதான் படித்த நேரமும் வீணில்லை, பிரஸ்ஸின் சூட்டுத் தரவை அலச அதுவும் கைகொடுக்கும்.

அந்த மூன்று பேரில் ஒருவன், உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், கிளம்பும்போது அந்த சீலைக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தான். ஊரில் ஒரு பைக் மெக்கானிக்கிடம் போய் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறான். எண்ணெய் ஒழுகிய ஒரு பழைய என்ஜினிலிருந்து கழற்றிய சீலைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். "சார், இதோட உதடு ஏன் இப்படி விறைச்சுக் கீறியிருக்கு?" என்றான். சோதனைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடினத்தன்மை மீட்டரை அவனையே அழுத்தச் சொன்னோம். பழையது 88 காட்டியது, புதியது 72. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டான். அப்புறம், ஓடும்போது என்ஜினுக்குள் எத்தனை டிகிரி சூடு இருக்கும் என்று கேட்டான்.